ஐஸ்லாந்து சைட்டில் ஒரு சங்கடஹர சதுர்த்தி

1. பாஸ்போர்ட்

நாங்கள் அனுப்பிய கியர்பாக்ஸ் ஒன்று ஐஸ்லாந்தில் ஒரு மீன் பேக்டரியில் சத்தம் போடுகிறது என்று மெயில் வந்த அன்று, நான் அசெம்பிளியில் பேரிங் ஏற்றிக்கொண்டிருந்தேன். மேனேஜர் நேராக என்னிடம் வந்தார்.

"முனிராஜண்ணே, பாஸ்போர்ட் இருக்கா?"

"இருக்குது சார். மருமகன் எடுக்கச் சொன்னாருன்னு எடுத்தது. பீரோவுல சும்மா கெடக்குது."

"அப்ப நீங்கதான் போறீங்க. சர்வீஸ் இன்ஜினியருக்கு டெங்கு."

"அது எங்க சார் இருக்குது?"

"மேல. ரொம்ப மேல. மேப்பு முடியற எடம். ஒரு தீவு."

விசா வந்து நான் கிளம்பும்போது புரட்டாசி பிறந்துவிட்டது. "மீன் பேக்டரிக்கு இந்த மாசத்துலயா சார்?" என்றேன். "உங்கள மீன் திங்கவா அனுப்பறேன்? கியர்பாக்ஸப் பாருங்க" என்றார்.

வீட்டில்தான் சிக்கல். எங்கள் மகள் மீனாவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இப்போது ஏழாம் மாதம் முடிந்து, பிரசவத்துக்கு மூக்கண்டப்பள்ளிக்கு எங்களிடம் வந்திருந்தாள். அவள் உண்டான நாளிலிருந்து நானும் என் சம்சாரம் சரோஜாவும் மாதாமாதம் சங்கடஹர சதுர்த்தி விரதம் இருந்தோம். பகலெல்லாம் பட்டினி, ராத்திரி நிலாவைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் சாப்பாடு. இந்த மாதச் சதுர்த்தி, நான் சைட்டில் இருக்கும் நாளில் வந்தது.

"அங்க நிலா வராதா என்ன? எல்லாம் ஒரே நிலாதான்" என்றேன் சரோஜாவிடம். "நீ இங்க பாரு, நான் அங்க பாக்கறேன். ரெண்டு பேரும் பாத்துட்டுச் சாப்பிடுவோம்."

"சத்தியமா?"

"பிள்ளையார் மேல சத்தியமா."

ஷிப்ட் நேரம் பார்த்தே பழகிய புத்தி. அங்கே பொழுது நமக்கு ரொம்பப் பின்னால் வரும் என்று தோன்றவில்லை. மேகம் என்று ஒன்று இருப்பதும் தோன்றவில்லை.

2. சத்தம் நின்றது, பசி ஆரம்பித்தது

அங்கே மெயின்டனன்ஸ் பொறுப்பு சிக்ரூன் என்கிற அம்மா. என்னைவிட ஒரு தலை உயரம். என் பெயரில் பாதியை விழுங்கிவிட்டு 'முனி' என்றுதான் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷும் கையும் பேசிக்கொள்ளப் போதுமாக இருந்தன.

கியர்பாக்ஸில் குற்றமில்லை. பேஸ் பிளேட்டுக்கு அடியில் ஒரு மூலையில், மட்டம் சரிசெய்ய வைக்கிற ஷிம் தகடு நழுவிவிட்டது. ஒரு கால் குட்டையான மேசை மாதிரி மிஷின் ஆடிக்கொண்டிருந்தது. ஷிம் வைத்து, அலைன்மென்ட் பார்த்து, சதுர்த்தியன்று மத்தியானம் ஓட்டிக் காட்டினேன். சத்தம் நின்றது. சிக்ரூன் சந்தோஷத்தில் ஒரு பெரிய கிண்ணம் மீன் சூப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் கும்பிட்டுத் தள்ளி வைத்தேன்.

"பிடிக்கலையா?"

"இன்னிக்கு நிலா பார்த்தப்புறம்தான் சாப்பாடு. மகளுக்காக."

விவரமெல்லாம் சொன்னேன். அவர் ஜன்னலைக் காட்டினார். வெளியே கடலும் மலையும் ஒரே சாம்பல் நிறம். வானம் என்று தனியாக ஏதும் இல்லை.

போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். எங்கே மேகம், எங்கே வெளிச்சம் என்று காட்டுகிற மேப். "குளிர்காலத்துல ராத்திரி வானத்துல ஆடற பச்சை வெளிச்சம் பாக்க டூரிஸ்டுங்க வருவாங்க. அவங்களுக்காக மேகம் இல்லாத எடத்தத் தேடி ஓடியிருக்கேன். ஒரு குழந்தைக்காக ஓட மாட்டனா? மலைக்கு அந்தப் பக்கம் மேகத்துல ஓட்டை இருக்கு. மிஷின் ஓடிட்டு இருக்கட்டும், வா."

3. நிலா தேடிய வழி

தார் ரோடு சீக்கிரமே முடிந்து ஜல்லி ரோடு வந்தது. ஜவளகிரிக் காட்டுப் பாதையில் வண்டி ஓட்டியவன் நான். ஆனால் மரமே இல்லாத காட்டை அன்றுதான் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் எரிமலை கக்கி ஆறிப்போன கறுப்புக் கல், அதன்மேல் பாசி. ஒரு இடத்தில் தரையிலிருந்து ஆவி புஸ்ஸென்று வந்தது. தீபாவளி மறுநாள் தெரு மாதிரி கந்தக வாசனை.

"பூமிக்கு அடியில யாரோ அடுப்பு வெச்சிருக்காங்க" என்றேன்.

"ஆமா. உனக்குத்தான் சாப்பாடு இல்ல" என்றார் சிக்ரூன்.

பாலமில்லாத ஆறு ஒன்று குறுக்கே வந்தது. அவர் இறங்கி, கம்பு விட்டு ஆழம் பார்த்து, வண்டியை உள்ளே விட்டார். தண்ணீர் கதவைத் தட்டியது. நான் கண்ணை மூடிப் பிள்ளையாரையும் வெங்கடாசலபதியையும் சேர்த்துக் கூப்பிட்டேன். அக்கரை ஏறியதும் ரோட்டை அடைத்துக்கொண்டு ஆட்டு மந்தை. ஹாரன் அடிக்கவே இல்லை அவர். ஆடுகள் நகரும்வரை உட்கார்ந்திருந்தார்.

மலை ஏறினோம். மேப்பில் இருந்த ஓட்டை எங்களுக்கு முன்னால் நகர்ந்துகொண்டே போனது. பொழுது சாயத் தொடங்கியது. நிலா வரவில்லை. போனில் சிக்னலும் போய்விட்டது.

மேட்டு முனையில் சிக்னல் வந்தது. மிஸ்டு கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக டிங் டிங் என்று விழுந்தன. எல்லாம் வீட்டிலிருந்து. உடனே அழைத்தேன். மகள்தான் எடுத்தாள். நம் ஊரில் நடுச்சாமம் தாண்டியிருந்தது.

"அப்பா, நிலா பாத்தீங்களா?"

"இன்னும் இல்லம்மா. நீ ஏன் தூங்கல?"

"அம்மா எப்பவோ மொட்டை மாடியில நிலா பாத்துட்டு வந்துட்டாங்க. நீங்க பாக்காம சாப்பிட மாட்டாங்களாம். அவங்க சாப்பிடாம எனக்கு எப்படி எறங்கும்? நானும் சாப்பிடல. மாத்திரையும் போடல."

பின்னால் சரோஜாவின் குரல்: "அவருகிட்ட ஏன்டி சொல்ற? நாலு தடவ தட்டு வெச்சேங்க. பிடிவாதம், அப்படியே உங்கள மாதிரி."

யாருக்காகப் பட்டினி கிடக்கிறோமோ, அந்த வயிற்றையே பட்டினி போட்டுக்கொண்டு இத்தனை தூரம் நிலாவைத் துரத்தியிருக்கிறேன். சிக்ரூன் மேப்பைக் காட்டி, "இன்னும் கொஞ்ச தூரம்" என்றார். அங்கே போனால் சிக்னல் இருக்குமா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

"வண்டிய நிறுத்துங்க" என்றேன்.

நிலா இருக்கும் என்று அவர் சொன்ன திசையில் கும்பிட்டேன். 'சாமி, சத்தியத்த மீறறேன். கோவம் இருந்தா என்னோட வெச்சுக்கோ' என்று சொல்லிவிட்டு போனில், "சரோஜா, நிலா தெரியல. நான் சாப்பிடறேன். நீயும் சாப்பிடு, பிள்ளைக்கும் போடு" என்றேன்.

சரோஜா போனை வாங்கிக்கொண்டாள்.

"எனக்காகப் பொய் சொல்றீங்க. சாப்பிட மாட்டீங்க நீங்க."

பையிலிருந்து அவள் கட்டிக் கொடுத்த பொருள்விளங்கா உருண்டையை எடுத்து, போனை வாயருகே வைத்துக்கொண்டு கடித்தேன். கடக் என்று மலையே கேட்கிற சத்தம்.

"பல்லு போயிடப் போவுது, மெல்ல" என்றாள் சரோஜா. "நிலா தெரியலன்னா தெரியல. பிள்ளையாருக்கு மட்டும் பசி தெரியாதா? இருங்க, சோறு போட்டுக்கறேன்."

அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்கும்வரை நான் போனை வைக்கவில்லை. பிறகு சிக்ரூனுக்கு ஒரு உருண்டை நீட்டினேன். அவர் அதை ரோட்டோரக் கறுப்புக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"எது சாப்பாடு, எது கல்லு?"

கடித்துவிட்டுச் சொன்னார்: "நானும் மத்தியானத்துல இருந்து சாப்பிடல. உன் முன்னால எப்படிச் சாப்பிடறது?"

திரும்பி வரும் வழியெல்லாம் மழை. நிலா கடைசிவரை வரவில்லை.

4. சைட்டுக்குப் போகும் தம்பிகளுக்கு

வெளிநாட்டு சைட்டுக்குப் போகிறோம் என்று விரதத்தை விட்டுவிடாதீர்கள். சாமி துணையில்லாமல் அந்த ஆற்றை நான் தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் பட்டினி கிடக்கும் முன், உங்கள் வயிற்றோடு வேறு யார் யார் வயிறு கட்டியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த சதுர்த்திக்கு நான் வீட்டில் இருந்தேன். மகளை முதலில் உட்கார வைத்துச் சோறு போட்டோம். அவள் கை கழுவிவிட்டு, மெதுவாகப் படியேறி மொட்டை மாடிக்கு வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று நிலா பார்த்தாள்.