மஞ்சள் குளிசையும் தள்ளிப்போன கீமோவும்

கீமோ எடுப்பவர் வேறு எதை விழுங்கினாலும் முதலில் வைத்தியரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. கிளினிக் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் விதிகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவன், நானும் வாசித்தேன்.

என் மனைவிக்குச் சூலகப் புற்றுநோய். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரலாமா? ஓமந்தையிலிருந்து வந்த அவருடைய தம்பி ஒரு போத்தல் மஞ்சள் குளிசை கொண்டுவந்தார்.

"அக்கா, இதோட எடுத்தா கீமோ இரண்டு மடங்கு வேலை செய்யுமாம். வெளிநாட்டு ஆராய்ச்சி எண்டு கடைக்காரன் சொன்னவன்."

மனைவி அன்றிலிருந்தே தினமும் விழுங்கினார். அடுத்த இரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. கீமோவைத் தள்ளிவைத்தார்கள்.

"அம்மா, வேறென்ன மருந்து எடுக்கிறீங்கள்?" என்றார் வைத்தியர்.

"மருந்து ஒண்டும் இல்லை டொக்டர். மஞ்சள்தான். கறிக்கும் போடுறதுதானே."

"இது கறிக்குப் போடுற அளவில்லை அம்மா. ஆய்வுகூடத்தில, கிண்ணத்துக்குள்ள வளர்த்த புற்றுநோய்க் கலங்களிலதான் அது பலன் காட்டினது. ஆக்களில இன்னும் நிரூபிக்கேல்லை. உடன நிப்பாட்டுங்கோ."

வீட்டுக்கு வந்ததும் போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். போத்தலில் பதிவிலக்கம் இல்லை. "பக்கவிளைவு அறவே இல்லை" என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. உரிய அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினேன். பிறகு நினைவூட்டலும் எழுதினேன்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வரும் எந்தப் போத்தலும் குசினிக்குப் போகுமுன் என்னோடு கிளினிக்குக்குப் போகிறது. ஈரல் தேறி, கீமோ மறுபடி தொடங்கி, முடிந்தும்விட்டது. தலைமயிர் முளைத்து, மனைவி மீண்டும் சீப்பைத் தேடிய தைப்பொங்கலுக்கு மறுநாள்தான் பதில் வந்தது: முறைப்பாடு கிடைத்ததாம்.