சிலிண்டர்காரர்

எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் நாற்பது நாள் வரும். என் கணவர் டர்போ டீசல் கார் வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்த வருடம், இருபது நாளிலேயே தீர்ந்துபோனது. அடுத்ததும் அப்படித்தான். திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு சிலிண்டர் கொண்டுவருகிறவர்தான் வழியில் கேஸைத் திருடுகிறார் என்று முடிவுகட்டினேன். டீச்சர் புத்தி, யாரையாவது எழுப்பி நிற்கவைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தெருவே பார்க்க அவரை நிறுத்திக் கேட்டேன்.

"சீலு ஒடையாமத்தான குடுத்தேன் டீச்சரம்மா? என் புள்ளைங்க மேல சத்தியமா நான் எடுக்கலங்க" என்றார்.

பக்கத்தில் நின்ற என் கணவர், "வுடாத, ஏஜென்சில எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் அந்த மனிதரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஒருநாள் தலைவலி என்று மத்தியானமே பள்ளியிலிருந்து வந்துவிட்டேன். அடுப்புக்குக் கீழே சிலிண்டர் இல்லை. ரெகுலேட்டர் மட்டும் தரையில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கார் வந்தது. டிக்கியைத் திறந்தால் என் சமையலறை சிலிண்டர். அதிலிருந்து ஒரு குழாய் இன்ஜினுக்குப் போயிருந்தது.

"டெல்லி பக்கம் டீசலோட சிஎன்ஜி கேஸும் சேத்து ஓட்றாங்களாம். இங்க அதுக்கு எங்க போறது? விழுப்புரத்துல ஒரு மெக்கானிக் இத மாட்டிக் குடுத்தாரு. காத்தோட கொஞ்சம் கேஸ் போனா டர்போ வண்டி பிச்சிக்கினு போவுது" என்றார். முகத்தில் பெருமை வேறு.

அவர் அதற்கு முன்பும் பொய் சொல்லியிருக்கிறார். தன் திருட்டை மறைக்க என் கையாலேயே புகார் எழுதவைத்ததை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"ஏஜென்சில போய் உண்மையச் சொல்லுங்க."

"வீட்டு கேஸ வண்டிக்குப் போட்டா குத்தம். என்னப் புடிச்சி உள்ள போட்டுருவாங்க. பேஜாரு பண்ணாத."

குழாயைக் கழற்றி எறிந்தார், அவ்வளவுதான். நானும் வாயை மூடிக்கொண்டேன். சிலிண்டர் பழையபடி நாற்பது நாள் வந்தது. "பாத்தியா, அந்தாளு போனதும் சரியாப் போச்சி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

சில மாதம் கழித்து விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அந்தச் சிலிண்டர்காரரைப் பார்த்தேன். தட்டில் அவித்த வேர்க்கடலையை வைத்து, "மல்லாட்டை, மல்லாட்டை" என்று கூவி விற்றுக்கொண்டிருந்தார்.

"இப்போ சிலிண்டரு எத்தினி நாளு வருதுங்க டீச்சரம்மா?"

"நாப்பது நாள்" என்றேன்.

தட்டில் சிதறியிருந்த கடலையைக் கூட்டிக் குவித்தார். "அப்போ நான் எடுத்தேன்னே ஆயிடுச்சிங்க" என்றார்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் பேருந்தில் ஏறிவிட்டேன்.