பத்தடிக்காரரும் கூவிய பெட்டையும்

நகராட்சி அதிகாரி ஒருவரைக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் மூன்று நாள் அடைகாக்க வைத்தவள் நான். மூன்று நாள் என்பது கொஞ்சம் கூடுதல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைதான். அடைகாத்தார் என்பதும் கூடுதல்தான். முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் அவரை ஏமாற்றினேன் என்பது மட்டும் கலப்படமில்லாத உண்மை. இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் அதை நினைத்து நினைத்துச் சிரித்தாயிற்று. போன மாதம் அவர் கண்ணை மூடிய பிறகு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

எங்கள் தெருவில் அவருக்குப் பத்தடிக்காரர் என்று பெயர். நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். வீட்டில் கோழி வளர்ப்பவர்களுக்கு நகராட்சி ஒரு தாளில் விதிகள் அச்சடித்துக் கொடுத்திருந்தது. ஒரு வீட்டுக்கு ஆறு கோழிக்கு மேல் கூடாது. சேவல் அறவே கூடாது. கூண்டு பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி இருக்க வேண்டும். தீவனம் மூடி போட்ட டின்னில், எச்சம் அன்றன்றைக்குக் குப்பையில். அந்தத் தாளை அவர் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்.

காக்கிப் பையிலிருந்து இரும்பு நாடாவை எடுத்து, ஜன்னல் பக்கத்து நுனியை வீட்டுக்காரர் கையிலேயே கொடுப்பார். "நீங்களே புடிங்க. நாளைக்கு நான் இழுத்துப் புடிச்சேன்னு சொல்லக் கூடாது பாருங்க." ஒன்பதடி பத்தங்குலம் என்றால் அந்த இரண்டு அங்குலத்துக்காகக் கூண்டை நகர்த்தச் சொல்வார். சொல்லிவிட்டுப் போய்விடவும் மாட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மறுமுனையை அவரே தூக்குவார். தலையெண்ணிக்கைக்கு மட்டும் பொழுது சாயும் வேளையில் வருவார். பகலில் கோழியை எண்ணுவது கடல் அலையை எண்ணுகிற மாதிரி. அடையும்போது எண்ணினால் ஒன்றுகூடத் தப்பாது என்பது அவர் கணக்கு. எங்கள் தெருவில் ஏழாவது கோழியைப் படுக்கையறையில் ஒளித்து வைத்தவர்கள் உண்டு. அது உள்ளேயிருந்து கொக்கரிக்கும்போது வீட்டுக்காரி இருமுவாள். "இருமலுக்கு மருந்து சாப்பிடும்மா, நாளைக்குச் சாயங்காலம் மறுபடி வந்து கேக்கறேன்" என்பார் பத்தடிக்காரர். மறுநாள் இருமலும் இருக்காது, கோழியும் இருக்காது.

அவர் பதிவேட்டில் ஒரு பொய் வரி கிடையாது என்று ஊரே சொல்லும். ஒன்று உண்டு என்பது எனக்கு மட்டும் தெரியும், என் கைவேலை.

அவருக்கு ஓர் அக்கா. தாய் போன பிறகு தையல் மெஷினை மிதித்து மிதித்தே தம்பியைப் படிக்க வைத்தவள். எங்கள் வீட்டின் கீழ்ப் பகுதியில் குடியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு மாடி ஏறும் நான் முதலில் அவள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வம்பு பேசிவிட்டுத்தான் ஏறுவேன். அவளுக்கு ஐந்து கோழிகள். மூத்தது கறுப்பி. அக்கா தைக்கும்போது துணி வெட்டிய துண்டுகளின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். புருஷனும் பிள்ளையும் இல்லாத வீட்டில் அக்கா வாய் ஓயாமல் பேசியது அதனிடம்தான்.

அந்தக் கறுப்பிக்கு வயதான காலத்தில் புத்தி மாறிவிட்டது. கொண்டை சிவந்து பெரிதானது. ஒரு நாள் விடியற்காலையில் துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று கூவியது. பெட்டை கூவிப் பொழுது விடியுமா என்பார்கள். எங்கள் தெருவில் அது கூவித்தான் விடிந்தது. அதுவும் அரைமணி நேரம் முன்னாலேயே.

எதிர்வீட்டுக்காரர் டெலிபோன் ஆபீஸில் ராத்திரி வேலை பார்ப்பவர். அப்போதுதான் வந்து தலையைச் சாய்த்திருப்பார். பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் நகராட்சியில் எழுதிக் கொடுத்துவிட்டார்: இந்த வீட்டில் சேவல் வளர்க்கிறார்கள். சேவல் என்று முடிவானால் மூன்று நாளில் அப்புறப்படுத்த வேண்டும். அப்புறப்படுத்திய கோழி எங்கே போகும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

புகார்க் காகிதத்தோடு பத்தடிக்காரர் வந்து நின்றார். அக்கா மெஷினை நிறுத்தவில்லை.

"என்னடா, உன் அக்கா வீட்டுக்கே நோட்டீஸா?"

"பாத்துட்டுச் சொல்றேன்க்கா."

"என்னத்தப் பாக்கப் போற? அஞ்சு வருஷமா அது இட்ட முட்டையத் தின்னவன்தானே நீ!"

"இப்ப இடுதா?"

அக்கா மெஷினை இன்னும் வேகமாக மிதித்தாள். கறுப்பி முட்டையிட்டு ஒரு மாதமாகிவிட்டது. எனக்கும் தெரியும். பத்தடிக்காரர் எதிர்வீட்டுக்காரரையும் அழைத்து வந்தார்.

"கூவினா சேவல்தானே சார்? இதுல என்ன ஆராய்ச்சி?" என்றார் அவர்.

"சேவல் வேண்டாம்னுதான் விதி இருக்கு. கூவக் கூடாதுன்னு இல்ல. முட்டையிட்டா பெட்டை, இல்லன்னா கொண்டுபோயிடறேன். ஞாயித்துக்கெழம காலைல நானே உக்காந்து பாக்கறேன். நீங்களும் வாங்க. எங்க அக்கா வீடு பாருங்க, நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

அன்றிரவு அக்கா கறுப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "இவன் எழுதினா எழுதினதுதான். எனக்காக மாத்த மாட்டான். மாத்தினாலும் நான் அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள். கறுப்பிக்காக அழுவதா, அக்கா தம்பிக்காக அழுவதா என்று எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கறுப்பியைத் தனிக்கூண்டில் விட்டார்கள். புது வைக்கோலை உதறிக் காட்டிவிட்டுத்தான் போட்டார் பத்தடிக்காரர். முக்காலியைப் போட்டுக் கூண்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த எதிர்வீட்டுக்காரருக்கு ராத்திரி வேலை செய்த அலுப்பு. கால்மணியில் வாய் பிளந்து தூங்கிவிட்டார். கறுப்பி அசையவே இல்லை.

"நீ இப்படி முழிச்சுப் பாத்தா அது எப்படிடா இடும்? அதுக்கும் மானம் மரியாதை இருக்காதா? திரும்பி உக்காரு!" என்று அக்கா அதட்டினாள். ஆய்வாளர் மறுபேச்சில்லாமல் முக்காலியோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பத்து மணிக்கு நான் டீ கொண்டுபோனேன். ஒரு கையில் டம்ளர், மறு கை முந்தானைக்குள். முந்தானைக்குள் அக்கா போன வாரம் எனக்குக் கொடுத்த முட்டைகளில் ஒன்று. டீயை அவரிடம் நீட்டிவிட்டுக் கூண்டுக் கதவுக்குள் கையை விட்டேன். கறுப்பி என் விரலில் பாதியைத் தின்றுவிட்டது. சரி, ஒரு கொத்து கொத்தியது. முட்டையை அதன் வயிற்றுக்குக் கீழே தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவளாக மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பதினோரு மணி இருக்கும். கறுப்பி எழுந்து நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கொக்கரித்தது. எதிர்வீட்டுக்காரர் திடுக்கிட்டு விழித்தார். பத்தடிக்காரர் கூண்டுக்குள் கையை விட்டார். அந்தக் கை வைக்கோலுக்குள் ரொம்ப நேரம் இருந்தது. கடைசியில் ஒரு முட்டையை எடுத்து எதிர்வீட்டுக்காரர் உள்ளங்கையில் வைத்தார்.

"தொட்டுப் பாருங்க சார்."

"சூடா இருக்கு!"

ஒரு மணி நேரத்தில் என் முட்டையைச் சூடாக்கிவிட்டாளே கறுப்பி, கெட்டிக்காரி, என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். பத்தடிக்காரர் பதிவேட்டை முழங்காலில் வைத்து எழுதினார்: "முட்டை ஒன்று. பெட்டைக்கோழி. புகார் தள்ளுபடி." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எதிர்வீட்டுக்காரர் முட்டையும் கையுமாக நின்றார். "அப்ப என் தூக்கம்?"

"அதுக்கும் வழி இருக்கு" என்று பத்தடிக்காரர் நாடாவை எடுத்தார். கூண்டை வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார், பத்தடி அளந்துதான். காலை எட்டு மணி வரை மேலே கனத்த சாக்கு போட்டு மூடி வைக்கும்படி அக்காவிடம் சொன்னார். இருட்டுக்குள் இருக்கிற கோழிக்குப் பொழுது விடியாதாம். தினமும் ஏழு மணிக்கு அவரே வந்து சாக்கைச் சரிபார்த்துவிட்டு ஆபீஸ் போனார், கறுப்பி இருந்த மட்டும். அது போன பிறகும் பழக்கம் விடவில்லை. அக்கா இருந்த மட்டும் வந்தார்.

இப்போது அந்த வீட்டில் மெஷின் சத்தமும் இல்லை, கொக்கரிப்பும் இல்லை. அலாரம் வைத்துத்தான் எழுந்திருக்கிறேன். விழித்ததும் நினைவுக்கு வருவது அந்த ஒரு வரி. ஒரு நேர்மையான மனுஷர் கையால் பொய் எழுத வைத்துவிட்டேனே, அவரிடம் ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டிருக்கலாமே என்று.

இதுவரை எழுதியதைப் பத்தடிக்காரர் மகளிடம் காட்டினேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து படித்தவள், கடைசிப் பக்கத்தில் சிரிக்க ஆரம்பித்தாள்.

"பெரியம்மா, இத மாத்தி எழுதுங்க. கூண்டுல ரெண்டு முட்ட இருந்துச்சு. கறுப்பி இட்டது ஈரம்கூட காயலயாம். அதத்தான் அப்பா எடுத்துக் காட்டினார், அதத்தான் எழுதினார். உங்களோடது ஓரமா உருண்டு போயி சில்லுனு கெடந்துச்சாம். அது கூண்டு நகத்தறப்ப அப்பா சட்டப் பைக்குள்ள வந்துருச்சு. மத்தியானம் அம்மாகிட்ட குடுத்தார். 'டீச்சர் வச்ச முட்ட. திருப்பிக் குடுத்தா பாவம், மூஞ்சி சுண்டிப் போயிடும்'னார். அத வேக வச்சுத் தின்னது நான்தான்."