பக்கத்து ராஜாவின் மதம்

மதம் மாறுவது என்று நான் முடிவு செய்தபோது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மாமா வீடு. அங்கே புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் மாமா மகளும் நானும் சேர்ந்து ஒரு நாட்டை ஆண்டோம். துறைமுகம் கட்டி மிளகு விற்றோம். வாங்க வந்த கப்பல்களில் பக்கத்து ராஜாவின் மதமும் ஏறி வந்துவிட்டது. சண்டையில்லை, பிரசங்கமில்லை, சரக்கு இறங்கிய ஊரிலெல்லாம் அவனுடைய கோயில் முளைத்தது. எங்கள் மதம் சாலையே இல்லாத ஒரு மலையூரில் மட்டும் மிஞ்சியது.

இரவெல்லாம் யோசித்து, காலையில் மாமா மகளுக்குப் போன் செய்தேன். "நான் அவன் மதத்துக்கே மாறிடறேன். அப்பத்தான் அவனுக்கு நம்மைப் பிடிக்கும்."

அடுக்களையில் கப்பைக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியோடு வந்து நின்றாள். "ஆருடி அவன்?"

"பக்கத்து ராஜாம்மா. நிறையக் கப்பல் வெச்சிருக்கான். மிளகெல்லாம் அவன்தான் வாங்கறான்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விளக்கிச் சொல்லச் சொல்ல அவள் அழுகை கூடிற்று. மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கும் அப்பா குளித்துவிட்டு வந்தார், எல்லாவற்றையும் கேட்டார். "நல்ல விலை தர்றானா?" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் சாயாகூடக் கேட்காமல் வேலைக்குக் கிளம்பிப் போனார்.

மாமா மகள் ஓடிவந்து அது வெறும் விளையாட்டு என்று சத்தியம் செய்தாள். அம்மா பாதிதான் நம்பினாள். "விளையாட்டுல மாறினவளுக்கு வெளியில மாற எத்தனை நேரமாகும்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை என் நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசி, வல்லார்பாடத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள். மாதா கோயில் முற்றத்தைப் பெருக்குவதாக நேர்ந்துகொண்டிருந்தாளாம். ஆளுக்கொரு துடைப்பம் எடுத்துப் பெருக்கினோம். பிறகு மெழுகுவர்த்தி ஏற்றி, என்னை முன்னால் நிறுத்திக் கண்ணீரோடு வேண்டினாள்: "மாதாவே, எம்பொண்ணு நம்ம மாரியம்மனை விட்டுப் போயிடாமப் பாத்துக்கோ."

நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன். அந்த வேண்டுதலை எதற்கு இங்கே வந்து சொல்கிறோம் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.