நங்கூரப் பொத்தான் வைத்த பட்டாளக் கோட்டு

பழைய ஸ்டூடியோ படத்தில் இருக்கும் ராணுவ உடுப்பைப் பார்த்து, எந்தப் படை, எந்தக் காலம் என்று சொல்வது என் வேலை. உங்கள் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒருவர் விறைப்பாக நின்றால், என் அதிர்ச்சிகளில் உங்களுக்கும் பங்கு உண்டு.

செயலி கொடுத்த பதக்கம்

அம்பத்தூர் அடுக்ககத்திலிருந்து வந்த ஐ.டி. இளைஞர், தாத்தாவின் படத்தைக் கைபேசியில் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஏதோ செயலி வண்ணம் பூசியிருந்தது. மார்பில் மூன்று பதக்கங்கள். மூலப் படத்தை வாங்கிப் பார்த்துத் திடுக்கிட்டேன். அதில் இரண்டுதான். மூன்றாவது செயலியின் கற்பனை என்றேன்.

"ஆப் சும்மாவா குடுக்கும், அங்கிள்? தாத்தா எதாவது செஞ்சிருப்பாரு."

போர் வீரர்

மேனாம்பேட்டுப் பெரியவர் ஒருவர், தன் அப்பாவைத் திருவிழா பேனரில் 'போர் வீரர்' என்று போட்டிருந்தார். படத்தில் தோளில் குஞ்சம், தொப்பியில் இறகு. தொப்பி வில்லையைப் பூதக்கண்ணாடியில் படித்ததும் எனக்கு மூச்சு நின்றது. படைப்பிரிவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பேண்டு செட்டின் பெயர்! "கல்யாண ஊர்வலத்தில் வாசித்தவர், ஐயா" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் அசரவில்லை.

"கல்யாண ஊட்ல நடக்கிற சண்டைய நீ எந்த பார்டர்ல பாத்துகீற, நைனா?"

திதி

கரையான்சாவடியிலிருந்து வந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல். இவர் தாய் வயிற்றில் இருந்தபோது, "பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன்" என்று அப்பா இந்தப் படத்தைத் தபாலில் அனுப்பினாராம். அப்புறம் தகவலே இல்லை. சண்டையில் போய்விட்டார் என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டி, தாயின் தாலியைக் கழற்றிவிட்டார்கள்.

"எந்த சண்டைன்னு மட்டும் சொல்லு சார். நாள் தெரியாம எங்கம்மா அமாவாசையிலதான் படைச்சிகினு கீது" என்றார்.

வழக்கம்போலப் பொத்தான்களிலிருந்து தொடங்கினேன். கோட்டு தரைப்படையுடையது. பொத்தான்களிலோ கடற்படையின் நங்கூரம். அளவு பெரிதான கோட்டை முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்த துணிக் கிளிப் ஒன்று ஓரத்தில் எட்டிப் பார்த்தது. காலில் ரப்பர் செருப்பு. படம் எடுக்க வருகிறவர்களுக்கு மாட்டிவிட ஸ்டூடியோவில் தொங்கிய கோட்டு அது.

"அம்மா, இது ஸ்டூடியோ கோட்டு. அவர் பட்டாளத்துக்குப் போனதற்கு இந்தப் படம் சாட்சி இல்லை" என்றேன்.

அவர் படத்தை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அப்போ உசுரோட கீற மனுசனுக்கா எங்கம்மா இத்தினி வருசமா படையல் போட்டுகினு கீது?"

உடுப்புக்குக் காலம் சொல்லுகிறவன், உள்ளே நிற்கிறவரின் காலம் முடிந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம், கேட்டீர்களா!