ஹிக்மத்தின் காதுகள்

கத்தரிக்கோல் காதுப் பக்கம் போனதும் ஹிக்மத் கையைத் தூக்கிவிடுவார். "அங்க கை வைக்காதடா. மூடியே இருக்கட்டும்." உச்சியில் நாலு முடி, காதுகளின்மேல் காடு. அமெரிக்காவில், இந்த எல் கஹோனில் இருக்கும் நம் ஈராக்கிகளில் பாதிப் பேருக்கு முடி வெட்டுகிறவன் நான். இப்படி ஒரு கோலத்தை வேறு எவனும் கேட்டதில்லை. என் கடைக்கே அவமானம்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொல்வார். பக்கத்தில் யாராவது போனில் பேசினால் முகம் மாறிவிடும். "பொய் சொல்றான். மூச்சைக் கவனி," என்பார் மெல்ல. பொய்யாகத்தான் இருக்கும். அவரிடம் போன் கிடையாது. பேச வேண்டுமென்றால் நேரில் போக வேண்டும்.

கேட்டால் லாரி ஓட்டினேன் என்பார். ஆனால் உண்மை ஊருக்கே தெரியும். அவர் வந்த புதிதில் இந்த நாட்டுப் பட்டாளம் அரபி தெரிந்தவர்களைத் தேடியது. சம்பளமும் குடியுரிமையும் தருகிறோம் என்றது. இவரும் சேர்ந்தார். ஈராக்கில் நம் ஜனங்கள் போனில் பேசுவதையெல்லாம் ஒட்டுக்கேட்டு எழுதிக்கொடுத்தார். 'பெரிய காது' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். அது அவர் காதில் விழாமலா இருந்திருக்கும்!

போன சனிக்கிழமை அவர் நாற்காலியில் இருக்கும்போதே அவருடைய தங்கை மகள் நஹ்ரீன் கடைக்கே வந்துவிட்டாள். நான் கொடுத்த காபியைத் தொடாமல் அவர் எதிரே வைத்தாள். கேட்டது கிடைக்கும்வரை கோப்பையைத் தொடமாட்டேன் என்று அர்த்தம். நம்மவர்களுக்கு அதை மறுப்பது லேசில்லை.

"மாமா, நானும் அதே வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். விசாரிக்க உங்ககிட்டதான் வருவாங்க. நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ரொட்டிக்கடை வேலைக்கு என்ன குறைச்சல்?"

"அங்கயே நின்னு கிழவி ஆகணுமா?"

ரேடியோவை நிறுத்தச் சொன்னார். அன்றுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"தெக்க ஒருத்தன் பேச்சை மாசக்கணக்கா கேட்டேன். அவன் பொண்ணுக்குக் காய்ச்சல்னா எனக்குத் தூக்கம் வராது. ஒருநாள் எல்லாரையும் கூப்பிடறான். துப்பாக்கியோட வாங்க, கொடியோட வாங்க, தொழுகை முடிஞ்சதும் முற்றத்துல கூடுவோம்னு. அப்படியே எழுதிக் கொடுத்தேன். விமானம் போய்க் குண்டு போட்டுச்சு. அவன் கூப்பிட்டது சண்டைக்கு இல்ல, அவன் அப்பனோட சாவுக்கு. அந்தச் சேதி நான் கேக்காத போன்ல போயிருக்கு. பெரிய மனுஷன் செத்தா தெக்கத்திக்காரன் வானத்தைப் பார்த்துச் சுடுவானாம். வடக்க தெல் கெப்பேல பொறந்த கிறிஸ்தவன், எனக்கு அது எப்படித் தெரியும்? அரபி தெரியுமான்னு கேட்டுத்தான் எடுத்தாங்க. அவங்க சாவு வீடு தெரியுமான்னு எவனும் கேக்கல."

சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். நஹ்ரீன் அழவில்லை. அவள் அப்பா வீடு பாஸ்ரா.

"நான் தெக்கத்திக்காரி மாமா. அந்தத் துப்பாக்கிச் சத்தத்துலயே வளந்தவ. அன்னிக்கு உங்க எடத்துல நான் இருந்திருந்தா அவங்கல்லாம் பொழச்சிருப்பாங்கல்ல?"

எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் காரணம்.

ஆறிப்போன கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "குடி," என்றார். அவள் அதை உதட்டருகே கொண்டுபோனபோது, இரண்டு உள்ளங்கைகளாலும் அந்த முடிக்காட்டோடு சேர்த்துக் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டார்.