காளைக்கு ஆகாத சோளம்

யுத்த காலத்தில் தூத்துக்குடி அரிசிக்கு அலைந்தது. பதிலுக்குக் கப்பலில் மக்காச்சோளம் வந்தது. கப்பலோ கரைக்கு வராமல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டைகள் தோணியில் ஏறிக் கரை சேர்வதற்குள் அலை தன் பங்குக்கு உப்புத் தண்ணீர் தெளித்துவிடும். நனைந்த மூட்டைகளை அட்டியின், அதாவது மூட்டை அடுக்கின், நடுவில் வைத்து, காய்ந்தவற்றைச் சுற்றிலும் அடுக்குவார் எங்கள் குடோன் கான்ட்ராக்டர் அண்ணாச்சி. சரக்கைச் சோதிக்க வரும் ஆபீசர் மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசி வெளிவரிசையைத் தாண்டாது. தாண்ட அவருடைய தொந்தியும் விடாது.

நான் அங்கே கிளார்க். ஒரு நாள் அட்டியைப் பிரித்தபோது நடு மூட்டைகள் தொட்டால் சுட்டன. உள்ளே சோளம் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பிடித்துக் கட்டிக் கட்டியாக இருந்தது.

"சார், இது ரேஷனுக்கு ஆகாது" என்றேன்.

ஆபீசர் மூக்கைக் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டு, "ரெண்டு நாள் வெயில்ல போட்டுப் புடைச்சா க்ளியர் ஆயிடும்" என்றார். பூசணத்தின் விஷம் புடைத்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது என்று வாதாட அன்று எனக்கும் படிப்பு இல்லை. பயம் மட்டும் இருந்தது. அடுத்த வாரம் அந்தச் சோளம்தான் என் வீட்டுப் பானையிலும் வேகும்.

முற்றத்தில் கொட்டினோம். கூலிப் பெண்கள் இருமிக்கொண்டே சுளகில் புடைத்தார்கள். அவர்களில் பேச்சியம்மாள் வாய்க்காரி.

"ஏ அண்ணாச்சி, இதையா நாங்க பிள்ளைங்களுக்குக் காய்ச்சிக் குடுக்க?"

"தங்கம் மாதிரி சோளம்ளா! பேசாமப் புடை."

அப்போது வண்டியில் பூட்டியிருந்த அண்ணாச்சியின் காளை கழுத்தை நீட்டிக் குவியலில் வாய் வைக்கப் போனது. அண்ணாச்சி வேட்டி அவிழ ஓடினார்.

"ஏலே வண்டிக்காரா! காளையப் புடிலே! அதத் தின்னா செத்துரும்லே!"

பேச்சியம்மாள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அப்போ எங்க பிள்ளைங்க தின்னா என்ன ஆவும் அண்ணாச்சி?"

அவர் வேட்டியைக் கட்டுவதில் மும்முரமானார். ஒவ்வொரு சுளகாகத் தரைக்கு வந்தது. ஒருத்தியும் மறுபடி எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஆபீசர் அத்தனையையும் ஆகாத சரக்கென்று கண்டெம் செய்தார். நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குழி வெட்டிப் புதைத்தோம். காளைகள் கிளறிவிடக் கூடாதென்று அண்ணாச்சி தன் சொந்தச் செலவில் அதற்கு முள்வேலி போட்டார். தர்மவான்!

இன்று ஈரம் பார்க்க மெஷின் இருக்கிறது, விஷம் பார்க்க லேப் இருக்கிறது. தாராளமாகப் பாருங்கள் தம்பிகளே. அதற்கு முன்னால், சரக்கு தங்கம் என்கிறவரிடம் ஒன்று கேளுங்கள்: உம்ம காளைக்குப் போடுவீரா?